குளவிக்குப் பெயர் வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பில் உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியன். என்னோடு வளாகத்தில் படித்த நண்பன் ஒருவனும் நானும் சில வருடங்களாக ஒட்டுண்ணிக் குளவிகளைப் போத்தலில் வளர்த்துப் பார்த்து வருகிறோம். எங்களிடம் உள்ள ஒன்று இதுவரை யாரும் பெயரிடாத இனம் என்றுதான் படுகிறது. அதை விவரித்து எழுதும் வேலை இப்போது நடக்கிறது. இந்தச் சேதி பரவியதிலிருந்து வகுப்பில், கலியாண வீட்டில், கல்முனை பஸ்ஸில், வட்டை வரம்பில் என்று எங்கே போனாலும் கேள்விதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் உலர்ந்துவிட்டது. அதனால் எழுதி வைத்திருக்கிறேன்.

பூவரசு இலைச் சுருட்டுக்குள் ஒரு புழு. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. புழு போட்ட முட்டையா?

இல்லை. புழு முட்டை போடாது. புழு பிள்ளைப் பருவம். அது வளர்ந்து அந்தாகவோ வண்ணத்துப்பூச்சியாகவோ ஆன பிறகுதான் முட்டை. நீங்கள் பார்த்தவை சின்னச் சின்னப் பட்டுக்கூடுகள், ஒரு நெல்மணியின் பாதி நீளம்கூட வராது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குளவிக் குஞ்சு. அவை அந்தப் புழுவின் உடம்புக்குள் வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, பக்கத்திலேயே பட்டு நூற்றுக் கூடு கட்டிக்கொண்டவை.

நாங்கள் பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய காலத்தில் சில இலைகளை எங்களுக்கு முன்பே ஒரு பச்சைப் புழு சுருட்டி வைத்திருக்கும். வெண்டிச் செடியில் இலையைச் சுருட்டுவதும் அதே புழுதான். அப்போது ‘சீ’ என்று உதறிவிட்டு வேறு இலை பிடுங்குவோம். எத்தனை குளவிகளை உதறியிருப்பேனோ தெரியாது.

ஒட்டுண்ணிக் குளவி என்றால் என்ன? பேன் மாதிரியா?

பேனும் உண்ணியும் நாடாப்புழுவும் இருக்கிற வீட்டை இடிப்பதில்லை. வீடு விழுந்தால் தங்களுக்கும் இடமில்லை என்று தெரிந்ததுபோல நடந்துகொள்ளும். இந்தக் குளவி அப்படியில்லை. தாய், புழுவின் உடம்பிலோ முட்டையிலோ தன் முட்டையை வைக்கும். குஞ்சு உள்ளிருந்து தின்று வளரும். வேலை முடியும்போது வீட்டுக்காரரின் கதையும் முடிந்துவிடும்.

எங்கள் பாடப்புத்தகத்தில் இப்படி இடம் கொடுக்கும் உயிருக்கு ‘விருந்துவழங்கி’ என்று பெயர். இந்தக் குளவிகளைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வழங்குபவரும் அவரே, விருந்தும் அவரே.

புழு சும்மா விட்டுக்கொண்டிருக்குமா என்று கேட்கலாம். விடாது. அதன் இரத்தத்தில் உள்ள கலங்கள் அந்நிய முட்டையைச் சூழ்ந்து மூடிக் கொன்றுவிடும். அதற்கும் குளவி வழி வைத்திருக்கிறது. எங்கள் போத்தல் குளவிகள் சேர்ந்த கூட்டத்தில் தாய் முட்டையோடு சேர்த்து வைரசுத் துகள்களையும் ஏற்றிவிடும். அவை புழுவின் எதிர்ப்பை முடக்கும். அந்த வைரசு வெளியிலிருந்து தொற்றிய நோய் அல்ல. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் குளவியின் மரபணுவோடு கலந்து, அன்றிலிருந்து தாயிடமிருந்து பிள்ளைக்குச் சீதனம்போல வந்துகொண்டிருக்கிறது.

‘கொட்டக் கொட்டக் குளவி’ என்று அம்மம்மா சொல்வா. புழு குளவியாக மாறுவது உண்மையா?

அம்மம்மா பார்த்தது உண்மை, சொன்ன காரணம்தான் வேறு. வீட்டுச் சுவரில், ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவி ஒரு புழுவைத் தூக்கி வரும். உள்ளே வைத்து மூடும். ரீங்காரம் கேட்கும். சில வாரம் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இதைப் பார்த்தவர்கள், குளவி கொட்டிக் கொட்டி, தன் நினைவாகவே வைத்திருந்து புழுவைக் குளவியாக்கிவிட்டது என்றார்கள். குரு சீடனைத் தன்னைப் போலாக்குவதற்கு இன்றும் பிரசங்கங்களில் இந்த உவமை வரும்.

நடப்பது இதுதான்: குளவி கொட்டுவது புழுவை அசையாமல் செய்ய. சாகவிடாது, செத்தால் அழுகிவிடும். அதோடு ஒரு முட்டையையும் வைத்து அடைக்கும். வெளியே வருவது அந்த முட்டையின் பிள்ளை. மண்கூட்டுக் குளவி வேட்டைக்காரக் குளவி வகை, இரையை வீட்டுக்குத் தூக்கி வருவது. நான் எழுதும் குளவிகள் இரையைத் தூக்குவதில்லை. புழு எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடும்.

அந்த உவமை எனக்குப் பிடிக்கும். யாரோ ஒருவர் நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் திண்ணையில் குந்திக்கொண்டு, ஒரு கூட்டை மூடியதிலிருந்து திறந்தது வரைக்கும் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். புழு எது, அதிலிருந்து வந்தது எது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். எங்கள் வேலையும் அடிப்படையில் இதுதான். புது இனம் தேடுகிறவர்கள் பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

மனிதரைக் கொட்டுமா?

எங்கள் போத்தல் குளவிகளின் நீளம் 2, 3 மில்லிமீற்றர். கையில் ஏறினாலும் தெரியாது. முட்டையிடும் ஊசிதான் மற்றக் குளவிகளில் கொடுக்காக மாறியது. இவற்றுக்கு அது இன்னும் முட்டையிடும் ஊசிதான். இரவில் மின்குமிழுக்கு வரும், செம்மஞ்சள் நிறத்தில் ஒல்லியாக நீண்ட காலோடு இருக்கும் பெரிய வகை சில, கையில் பிடித்தால் சுருக்கென்று குத்தும். அவ்வளவுதான். ‘குளவி கொட்டிப் பலர் ஆஸ்பத்திரியில்’ என்று மலைநாட்டிலிருந்து வரும் செய்திகளில் பலவேளை குற்றவாளி குளவியே இல்லை, பெருந்தேனீ.

கேட்கவே பாவமாயிருக்கிறது. கடவுள் ஏன் இப்படிப் படைத்தார்?

இதை என்னிடம் கேட்டது என் மாமி. அவவுக்கு முன்னால் சார்ள்ஸ் டார்வின் கேட்டிருக்கிறார். 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கருணையும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள், உயிரோடிருக்கும் புழுவைத் தின்று வளர்வதற்கென்றே இந்தக் குளவிகளைப் படைத்திருப்பார் என்று தன்னை நம்பவைக்க முடியவில்லை என்றார். மாமிக்கு இதைச் சொன்னேன். “அவருக்கும் விளங்கேல்லையா, அப்ப சரி” என்று தேத்தண்ணி போடப் போய்விட்டா.

‘புதிய இனம்’ என்றால் இப்போதுதான் தோன்றியதா?

இல்லவே இல்லை. அது வாவிக்கரையில் எங்களுக்கு முன்பிருந்தே இருக்கிறது. அறிவியலின் ஏட்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான். பிறந்து 40 வருடமாகிப் பிறப்பத்தாட்சி எடுக்கும் ஆட்கள் இல்லையா, அதுபோல.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யானை, சிறுத்தை மாதிரி இந்தக் குளவிகளை யாரும் எண்ணி முடிக்கவில்லை. இக்னியூமோனிடே என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 25,000 இனங்கள். கல்சிட் எனப்படும் மிகச் சிறிய குளவிகளில் பெயரிட்டவை 20,000க்கு மேல், இருக்கக்கூடியவை 5 இலட்சம் வரை போகலாம் என்று மதிப்பிடுகிறவர்களும் உண்டு. அவற்றில் ஒன்றின் ஆண் 0.139 மில்லிமீற்றர். அறியப்பட்ட பூச்சிகளிலேயே சிறியது அதுதான். ஆகவே வேலிக்கரையில் நின்று ஒழுங்காகத் தேடினால் பெயரில்லாத ஒன்று அகப்படுவது நடக்கக்கூடிய காரியம். அது பெயரில்லாதது என்று நிரூபிப்பதில்தான் ஆளின் சீவன் போகும்.

எப்படி நிரூபிப்பது?

முதலில் குடும்பம். செட்டையின் நரம்புகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எங்களுடையது பிரக்கோனிடே. அதற்குள் மைக்ரோகாஸ்டரினே என்ற உபகுடும்பம். அதன் அடையாளம் அழகானது: உணர்கொம்பில் எப்போதும் 18 துண்டம். 17 வந்தால் நீங்கள் பிழையாக எண்ணியிருக்கிறீர்கள், அல்லது கொம்பு உடைந்திருக்கிறது.

அடுத்தது சாதி. இலங்கைப் பாடப்புத்தகத்தில் இனத்துக்கு மேலே உள்ள படிக்குச் ‘சாதி’ என்றுதான் பெயர். சாதி பார்த்தே ஆகவேண்டிய ஒரே இடம் இதுதான் என்று வகுப்பில் சொல்வேன்.

சாதி தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். அந்தச் சாதியில் இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா எல்லாவற்றிலுமிருந்து இதுவரை பெயரிடப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்து, எங்களுடையது அது இல்லை என்று காட்ட வேண்டும். விவரணங்கள் எல்லா மொழியிலும், எல்லாத் தரத்திலும் இருக்கும். பிரான்சிஸ் வோக்கர் என்று ஒரு ஆங்கிலேயர் இருந்தார். இலங்கைப் பக்கமே வராமல், லண்டனில் இருந்தபடி 1850களின் கடைசியில் இலங்கைப் பூச்சிகளுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். பல விவரணங்கள் மூன்று நான்கு வரிதான். அதை வைத்துக்கொண்டு ஒரு குளவியை அடையாளம் காண்பது, ‘ஆள் கறுப்பு, நடுத்தர உயரம்’ என்ற தகவலோடு ஏறாவூரில் ஒருவரைத் தேடுவதுபோல. அவர் 1874இல் இறந்தபோது ஒரு பூச்சியியல் சஞ்சிகை, அவருடைய அறிவியல் மதிப்பைக் காப்பாற்ற 20 வருடம் முந்தியே போயிருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதியது. செத்த வீட்டில் இப்படியும் பேசுவார்களா என்று முதலில் நினைத்தேன். அவருடைய நான்கு வரிகளோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிய பிறகு அவர்களின் கோபம் விளங்கியது.

வரிகள் போதாதபோது, பெயர் வைத்தவர் பார்த்து எழுதிய அசல் உடலையே பார்க்க வேண்டும். இலங்கையின் பழைய அசல்கள் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் குரோம்பைன் 1960களின் கடைசியிலிருந்து நடத்திய இலங்கைப் பூச்சித் திட்டத்தில் சேர்த்தவை வொஷிங்டனில். அப்புறம் போர். காட்டுக்குள் வலையும் போத்தலுமாகத் திரிய இந்தப் பக்கத்தில் யாருக்குத் துணிவு? அந்த இடைவெளி ஏடுகளில் இன்றும் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுடைய முதல் ‘புதிய இனம்’ பூவரசில் இருந்து வந்தது. இரண்டு மாதம் தலைகால் தெரியாமல் திரிந்தோம். பெயர்கூட யோசித்துவிட்டோம். பிறகு நண்பன் எங்கேயோ தேடி ஒரு பழைய இந்தியக் கட்டுரையை அனுப்பினான். எல்லாம் பொருந்தியது. மாப்பிள்ளை முன்னமே கலியாணம் கட்டியவர் என்று தெரிந்த பெண்வீட்டார்போல இருந்தோம். இப்போது வேலை நடப்பது வேறொன்றில். அது வாவிக்கரைக் கண்ணா மர இலையைச் சுருட்டும் ஒரு புழுவில் இருந்து வந்தது.

‘விவரித்தல்’ என்றால் என்னத்தை எழுதுவீர்கள்?

வாசிக்கிறவருக்குத் தூக்கம் வரும், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். தலையின் அகலம் உயரத்தைவிட எவ்வளவு, முகத்தில் குழிகள் நெருக்கமா ஐதா, நெஞ்சறையின் முதுகு பளபளப்பா சொரசொரப்பா, செட்டை நரம்புகளின் நீள விகிதம், பின்னங்காலின் நிறம் எங்கே மாறுகிறது, வயிற்றின் முதல் தகடு நீள்சதுரமா குறுகுகிறதா, முட்டையிடும் ஊசியின் உறை பின்னங்காலின் கணைக்கால் துண்டத்தோடு ஒப்பிட எவ்வளவு நீளம். ஒவ்வொன்றும் அளந்து, படம் எடுத்து. 3 மில்லிமீற்றர் உடம்பை ஒரே படத்தில் முழுக்கத் தெளிவாக எடுக்க முடியாது. மேலிருந்து கீழாகப் பல தளத்தில் எடுத்துக் கணினியில் ஒன்றாக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு உடலைத் தேர்ந்தெடுத்து ‘இதுதான்’ என்று அறிவிக்க வேண்டும். அதற்கு ஹோலோடைப் என்று பெயர். எங்கள் குளவிகள் சேர்ந்த கூட்டத்தில் வழக்கமாக அது பெண்குளவியாக இருக்கும். கூட இருந்த மற்றவை பாராடைப். எழுத்தில் பிழை விடலாம், படம் மங்கலாம், எழுதியவர் செத்துப்போகலாம். நூறு வருடத்துக்குப் பிறகு யாராவது சண்டை பிடித்தால் தீர்ப்பு அந்த ஒரு உடலில்தான். அதனால் அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்பதையும் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும், சட்டமே இருக்கிறது. 1877இல் தொடங்கிய கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எங்கள் பிள்ளைகள் பார்ப்பதற்கு விசா எடுக்கக்கூடாது.

எந்தப் புழுவிலிருந்து வந்தது, அந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது என்பதையும் எழுதுகிறோம். பொறியில் விழுந்த குளவிகளை வைத்து எழுதும் கட்டுரைகளில் இந்த வரி இருக்காது. ‘விருந்துவழங்கி: தெரியாது’ என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஊரும் தெரியாமல் உறவும் தெரியாமல் எடுத்த அடையாள அட்டை.

இப்போது டீஎன்ஏ இருக்கிறதே? இவ்வளவு எண்ண வேண்டுமா?

2003இல் கனடாவின் போல் ஹெபெர்ட் குழு, ஒரு மரபணுவின் சிறு துண்டை வைத்து விலங்கினங்களைப் பிரித்தறியலாம் என்று முன்வைத்தது. பூச்சிகளில் வழக்கமாக 658 எழுத்து நீளமான துண்டு. கடைச் சாமானின் கோட்டுக்குறிபோல. பெரிய உதவிதான். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு குளவி வேறு இனம் என்று பலமுறை காட்டிக்கொடுத்திருக்கிறது. ஆணையும் பெண்ணையும் சோடி சேர்க்கவும் உதவும்.

ஆனால் அது மட்டும் போதுமா என்பதில் அடிபிடி உண்டு. 2021இல் மைக் சார்க்கியும் அவருடைய கூட்டாளிகளும் கொஸ்தா ரிக்காவிலிருந்து 403 புதிய பிரக்கோனிட் குளவிகளை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு படமும் அந்தக் கோட்டுக்குறியும்தான். இருக்கிற வேகத்தில் போனால் எல்லாம் அழிந்த பிறகுதான் பெயர் வரும் என்பது அவர்கள் வாதம். கோட்டுக்குறியை மட்டும் வைத்து வயலில் நிற்கிறவன் என்ன செய்வான் என்பது மற்றவர்கள் வாதம். நான் இரண்டாவது பக்கம். பாடசாலை நுணுக்குக்காட்டியோடு இருப்பவனுக்கும் பயன்பட வேண்டும். அதற்காக டீஎன்ஏ வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எங்களுடையதற்கும் எடுத்திருக்கிறோம்.

பெயரை யார் வைப்பது? உங்கள் பெயரையே வைத்துவிடலாமே?

விவரித்து வெளியிடுகிறவர்தான் வைப்பார். தன் பெயரைத் தானே வைக்கக்கூடாது என்று விதி இல்லை, ஆனால் ஊர் சிரிக்கும். விலங்குப் பெயரிடலுக்கு ஒரு சர்வதேச விதிக்கோவை உண்டு. பெயர்களின் கணக்கு, சுவீடன் இயற்கையியலாளர் லினேயசின் ‘சிஸ்டமா நாச்சுரே’ என்ற நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. இரண்டு பேர் ஒரே இனத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் முந்தியவருக்கே உரிமை. இப்போது இணையத்தில் மட்டும் வெளியிட்டாலும் செல்லும், ஆனால் சூபேங்க் என்ற பதிவேட்டில் பதிய வேண்டும்.

இலத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், இலத்தீன் சொல்லாகவே இருக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு ஹவாயிலிருந்து விவரித்த ஒரு தூசுக் குளவிக்குக் கிகிகி ஹூனா என்று பெயர். இரண்டு சொல்லும் அந்தத் தீவு மொழியில் ‘துளியூண்டு’ என்பதுதான். அவர்களுக்கு முடிந்தால் வாவி, படுவான் (வாவியின் மேற்குக்கரை), கண்ணா என்ற சொற்களுக்கு என்ன குறை? இடப் பெயரானால் ‘என்சிஸ்’ என்ற வால், ஆணின் பெயரானால் ‘இ’, பெண்ணின் பெயரானால் ‘ஏ’. என் மாமி தன் பெயரை விசாரித்துவிட்டா என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அப்போ என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

சொல்லமாட்டேன். பெருமைக்காக இல்லை. விவரணம் இல்லாமல் பெயர் மட்டும் வெளியே போனால் அது விதிப்படி ‘வெற்றுப் பெயர்’, எதற்கும் சொந்தமில்லாமல் அலைந்து பின்னால் குழப்பம் தரும். பிள்ளை பிறந்த பிறகு சொல்கிறேன்.

ஒரு குளவிக்கு இத்தனை வருடமா?

2012இல் ஒரு ஆய்வு கணக்குப் பார்த்தது. ஒரு புதிய இனத்தின் உடல் சேகரிப்பில் வந்து சேர்ந்ததிலிருந்து விவரணம் வெளியாகும் வரை சராசரி 21 வருடம். நாங்கள் பிந்தவில்லை என்று இதைச் சொல்லித்தான் வீட்டில் சமாளிக்கிறேன்.

சரி சேர், இதனால் எங்கள் வயலுக்கு என்ன?

சம்மாந்துறைப் பக்கம், வயல் வேலைகளைக் கவனிக்கும் ஒரு வட்டவிதானை கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி, மூன்று கதையாகப் பதில் சொன்னேன்.

முதலாவது மரவள்ளி. 1970களில் ஆபிரிக்காவில் மரவள்ளியைப் பஞ்சுபோல அப்பிக்கொண்டு ஒரு மாவுப்பூச்சி அழித்தது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, 1977இல்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. அதன் எதிரிக் குளவியைத் தேடித் தென்னமெரிக்காவின் வடக்கில் அலைந்தார்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது, குளவியும் கிடைத்தது, ஆனால் அந்தக் குளவி ஆபிரிக்கப் பூச்சியைத் தொடவில்லை. காரணம், வடக்கில் இருந்தது பார்வைக்கு ஒன்றுபோன்ற வேறொரு இனம். 1981இல் பரகுவேயில் சரியான பூச்சி அகப்பட்டது. அதன் குளவியை நைஜீரியாவில் அதே ஆண்டு விட்டார்கள். பிறகு அது நாடு நாடாகப் பரவி மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு. ஒரு மாவுப்பூச்சியை இன்னொன்று என்று நினைத்ததால் போன வருடங்களை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பப்பாசி. 2008இல் இலங்கைக்கு வந்த மாவுப்பூச்சியை நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், காய் முழுக்க வெள்ளை. அதை அடக்க 2009இல் புவெர்த்தோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்டது ஒரு சின்னக் குளவியை.

மூன்றாவது சோளம். 2018 பெரும்போகத்தில் அம்பாறைச் சேனைகளில் சேனா படைப்புழு இறங்கியபோது அலறாத ஆளில்லை. அந்தப் புழுவின் முட்டையைத் தாக்கும் டெலினோமஸ் ரீமஸ் என்ற குளவியை மலாயாவிலிருந்து ஒருவர் விவரித்தது 1937இல். அப்போது அந்தப் படைப்புழு ஆசியாவையே கண்டதில்லை. அவரிடம் யாராவது ‘இதனால் என்ன’ என்று கேட்டிருந்தால் அவருக்கும் பதில் தெரிந்திருக்காது.

எங்கள் கண்ணா மரக் குளவி நெல்லுக்கு உதவுமா? உதவாது என்றுதான் நினைக்கிறேன். பொய் சொல்லி வட்டவிதானையை ஏமாற்ற விருப்பமில்லை.

மருந்து அடித்தால் குளவி சாகுமா?

சாகும். பெரும்பாலும் புழுவுக்கு முந்தியே சாகும். தண்டுதுளைப்பான் தண்டுக்குள் பத்திரமாக இருக்க, அதன் முட்டையில் தன் முட்டையை வைக்க வந்த குளவி இலைக்கு வெளியே நின்று மருந்தை வாங்கும். பயிர் நட்ட முதல் மாதத்தில் இலையில் நான்கு ஓட்டை கண்டவுடன் ஓடிப்போய் அடிக்க வேண்டாம் என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வது எல்லாம் இதனால்தான்.

நான் ஒன்றைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?

குளவியைத் துரத்த வேண்டாம். புழுவை இலையோடு எடுத்து ஜாம் போத்தலில் போடுங்கள். நாளுக்கு ஒருமுறை அதே செடியின் புது இலை. அடியில் ஒரு டிசு, ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். வாயை நுளம்பு வலையால் கட்டாதீர்கள், அந்தக் கண்ணுக்குள்ளால் இந்தக் குளவி போய்விடும். பழைய வேட்டித் துணி சரி. போத்தலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள், எறும்புக்காக. புழு செத்துவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். அதன்பிறகுதான் எங்களுக்குக் கதையே.

எழுதுவது: இடம், திகதி, செடி, புழுவின் படம். பென்சிலால். இதைக் கொட்டை எழுத்தில் சொல்கிறேன். ஒரு வருடம் நான் வாகரையிலிருந்து கொண்டுவந்த 30 சிறு போத்தல்களுக்குள் போல்பொயின்ற் பேனையால் எழுதிய துண்டுகளைப் போட்டேன். மதுசாரம் மையைக் கரைத்துவிட்டது. குளவிகள் அப்படியே இருந்தன, எது எந்தப் புழுவிலிருந்து வந்தது என்பது மட்டும் நீல நிறத்தில் மிதந்தது. அவற்றை இன்னும் எறியவில்லை. எறியவும் மனமில்லை, வைத்திருந்தும் பயனில்லை.

மதுசாரம் இல்லை. சாராயத்தில் போடலாமா?

கேட்டவர் யார் என்று சொல்லமாட்டேன். சாராயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மதுசாரம், மிச்சம் தண்ணீர். உடம்பு பழுதாகும், டீஎன்ஏ சிதையும். எங்களுக்குத் தேவை 95 சதவீதம். இல்லாவிட்டால் ஐஸ்பெட்டியின் உறையும் தட்டில் ஒரு சிறு போத்தலில் வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் அனுமதி கேட்டுவிட்டு.

காட்டுக்குப் போய்ப் பிடித்து வரட்டா?

வேண்டாம். உங்கள் வளவு, வேலி, வயல் போதும். குமண, லகுகல மாதிரித் தேசியப் பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்கக்கூடாது, ஒதுக்கக் காடென்றால் வனவளத் திணைக்களம். குமணவோடு ஒட்டியிருக்கும் யாலவில் பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்துப் பிடிபட்ட இரண்டு இத்தாலியருக்கு 2024இல் விதித்த தண்டம் 6 கோடி ரூபா. ஆய்வு என்று சொல்லித் தப்ப முடியாது. நாங்களும் தாளோடுதான் போகிறோம்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். கூட்டிலிருந்து வந்தவை இரண்டு மாதிரியாக இருக்கின்றன. இரண்டும் புதிதா?

அவசரப்படாதீர்கள். ஒன்று புழுவைத் தின்றதாகவும் மற்றது அந்தக் குளவியைத் தின்றதாகவும் இருக்கலாம். வல்லவனுக்கு வல்லவன் இங்கேயும் உண்டு. குளவிக் கூட்டுக்குள் முட்டை வைத்து அதன் குஞ்சைத் தின்று வரும் குளவிகள் இருக்கின்றன. இதைக் கவனிக்காமல், திருடனின் திருடனைப் புழுவின் எதிரி என்று எழுதிய பதிவுகள் ஏடுகளில் நிறைய. அதனால் ஒவ்வொரு பட்டுக்கூட்டையும் தனித்தனிச் சிறு போத்தலில் போட்டு, வந்ததையும் அது விட்டுப்போன கூட்டையும் சேர்த்தே வையுங்கள். கூட்டின் வாயைப் பாருங்கள். எங்கள் குளவி மூடிபோல வட்டமாக வெட்டிக்கொண்டு வரும். மற்றவை பலவேளை பக்கத்தில் கொறித்த ஓட்டையால் வரும்.

எனக்கு வந்தது குளவியும் இல்லை, அந்தும் இல்லை. மயிர் முளைத்த ஒரு சாம்பல் இலையான். எறிந்துவிடட்டா?

எறியாதீர்கள்! அதுவும் புழுவுக்குள் வளர்ந்ததுதான், இலையான்களிலும் இந்தத் தொழில் செய்யும் குடும்பம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் அனுப்புவோம். அது வந்த புழு என்ன செடியில் இருந்தது? பென்சிலால் எழுதினீர்களா?